மலையகத்து ரேடியோ சாமான் கடைகள் ஏன் மூடின, இப்போது ஒன்று போட்டால் நிற்குமா?

தம்பி எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சின்ன வயதில் ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி என்று எந்த டவுனில் இறங்கினாலும் ரேடியோ சாமான் விற்கிற கடை ஒன்றாவது இருந்தது, டிரான்சிஸ்டர், சின்ன மோட்டார், ஈயக்கம்பி என்று வாங்கிப் போய் எதையாவது செய்து பார்க்கலாம், இப்போது அப்படி ஒன்றும் இல்லை, இன்டர்நெட்தான் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதா என்று கேட்கிறார். ஆனால் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. கட்டாரில் உழைத்த காசோடு ஊருக்கு வந்திருக்கிறார். ஹட்டனில் அப்படியொரு கடை போட ஆசை. நாவலப்பிட்டியில் கடையை மூடப்போகிற பெரியவர் ஒருவர் தன்னிடமுள்ள பழைய சாமான் முழுவதையும் மொத்தமாகத் தருகிறேன் என்கிறாராம். கடை நிற்குமா, அந்தச் சாமானை வாங்கலாமா, இதுதான் கேள்வி. பழைய கடைகள் ஏன் மூடின என்ற முதல் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொன்னால் அவருடைய சல்லி வீணாகப் போகும், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலில் கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்றவன். பள்ளிக்கூடம் முடித்ததும் கண்டியில் ஒரு சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், பிறகு ஹட்டனில் சொந்தமாக ரிப்பேர் மேசை போட்டேன், இன்றும் அதே வேலைதான். ஆகவே நான் சொல்வது எலெக்ட்ரானிக் சாமான் பற்றி மட்டும். முத்திரை சேர்ப்பவர்கள், மீன் தொட்டி வைப்பவர்கள், படம் வரைபவர்கள் வாங்கிய கடைகளுக்கு என்ன நடந்தது என்பதை அந்தத் தொழில்காரர்கள்தான் சொல்ல வேண்டும். மீன் கடைகள் இன்னும் நிற்பதை நானும் பார்க்கிறேன். உயிருள்ள மீனைக் கூரியரில் போடுவது லேசில்லை என்பதால் இருக்கலாம், ஆனால் அது என் ஊகம்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைகளுக்குச் சோறு போட்டது ஆசைக்கு வாங்கியவர்கள் கிடையாது, ரிப்பேர்காரர்கள்தான். காலையில் கடை திறந்ததும் வருவது அவர்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, டயகம, அக்கரப்பத்தனை என்று அங்கங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பராவிலோ தோட்டத்துக் கடை ஓரத்திலோ மேசை போட்டிருப்பார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, எரிந்துபோன சாமான்களைப் பழைய பேப்பரில் சுற்றியதை அப்படியே கவுண்டரில் கொட்டி, இதில் மூன்று, அதில் ஐந்து, இது இல்லாவிட்டால் இதற்குப் பதில் எது போடலாம் என்று ஒரு மணி நேரம் நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். 1977க்கு முன்னால் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் புதுசு வாங்குவது லேசில்லை, இருப்பதைத்தான் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். 1977இல் கதவு திறந்ததும் ஜப்பான் ரேடியோக்கள் குவிந்தன. 1979இல் கொழும்புப் பக்கம் டிவி வந்தது, 1982 பெப்ரவரியில் அரச டிவியான ரூபவாஹினி தொடங்கி, பீதுருதலாகலை உச்சியிலிருந்து ஒளிபரப்பு கிடைத்ததும் மலைநாட்டுக்கும் டிவி வந்துவிட்டது. ஆனால் மலைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிற பள்ளத்துத் தோட்டங்களுக்கு சிக்னல் நேராக வராது. உயரமான குழாயில் அன்டெனா, அதன் தலையில் சிக்னலைப் பெருக்குகிற பூஸ்டர், கீழே அதற்கொரு சப்ளை, இடையில் வயர். மழையும் மூடுபனியும் பட்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்த பூஸ்டர் பழுதாகும். தீபாவளி முற்பணத்தில் வாங்கிய செட் அடுத்த தீபாவளிக்குள் ஒருதடவையாவது ரிப்பேர் மேசைக்கு வந்து போகும். சாமான் கடை வாழ்ந்தது இதில்தான். பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு எல்இடி, ஒரு ஒன்பது வோல்ட் பற்றரிக் கிளிப் கேட்ட நானும் நீங்களும் அந்த வியாபாரத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்தவர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஆசைக்குச் செய்கிறவர்களை மட்டும் நம்பி ஒரு சாமான் கடையைக் கணக்கில் நிற்க வைக்கவே முடியாது. மின்சாரம் ஓடுவதைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மதிப்பை ஓமில் சொல்வோம். சாதாரணமாகப் புழங்குகிற வரிசையில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 12 மதிப்புகள். 1 ஓமிலிருந்து 1 மெகா ஓம் வரை போனால் ஆறு படி, மொத்தம் 73 மதிப்புகள். கால் வாட்டுக்கு 73 பெட்டி, அரை வாட்டுக்கு இன்னொரு 73. இதற்கு மேல் கண்டென்சரில் மதிப்பு ஒரு பக்கம், வோல்ட் ஒரு பக்கம் என்று பெருகும். டிரான்சிஸ்டர், டயோட், ஐசி, சுவிட்ச், பிளக் எல்லாம் தனி. ஒருவர் வந்து மஞ்சள், ஊதா, ஆரஞ்சுக் கோடு போட்டது இரண்டு கொடுங்கள் என்பார். அந்த நிறங்கள்தான் மதிப்பைச் சொல்கின்றன, இது 47 கிலோ ஓம், ஆளுக்குச் சில்லறைக் காசு வியாபாரம், அதை எடுத்துக் கொடுத்து, இது எதற்கு என்று விசாரித்து, சரியான இடத்தில் போடச் சொல்லி அனுப்புவதற்குப் பத்து நிமிஷம் போய்விடும். 82 ஓம் பெட்டி வருஷக்கணக்கில் திறக்காமலே கிடக்கும், ஆனாலும் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ‘அந்தக் கடையில் ஒன்றும் இருக்காது’ என்று பெயர் வந்துவிடும். பெட்டிக்குள் கிடக்கிற அந்தக் காசை உருட்டுவதற்கு ரிப்பேர்காரர்களின் மொத்தக் கொள்வனவு வேண்டும்.

அந்த ரிப்பேர் தொழில்தான் முதலில் சரிந்தது, அதன் பெரும்பகுதி ஆன்லைன் வியாபாரம் நம் டவுன்களை எட்டிப்பார்ப்பதற்கு முன்னாலேயே நடந்தது. பழைய பெட்டி டிவியில் எந்தப் பகுதி போனாலும் அந்தப் பகுதிக்கு மட்டும் சாமான் மாற்றலாம். தட்டை டிவி வந்ததும் படம் தெரிகிற பேனல் போனால் ரிப்பேர் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், போர்டு போனால் போர்டையே கழற்றி வேறு போடுவார்கள். உள்ளே இருக்கிற சாமானோ அரிசிமணியை விடச் சின்னது, மேலே முழு நம்பர்கூட இருக்காது, இரண்டு மூன்று எழுத்துக் குறி மட்டும். அதைக் கழற்றச் சூடான காற்று அடிக்கிற மெஷின் வேண்டும், பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும், தோட்டத்துக் காம்பராவில் ஈயம் பற்றவைக்கிற 25 வாட் அயனை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவரால் என்ன செய்ய முடியும்? ரேடியோ கையடக்கத் தொலைபேசிக்குள் போய்விட்டது. லயக்கூரைகளில் வரிசையாக டிஷ் ஏறியதும் அன்டெனாவும் பூஸ்டரும் போயின. தோட்டங்களில் இருந்த ரிப்பேர்காரர்களில் வயதானவர்கள் ஓய்ந்தார்கள், இளம் ஆட்கள் கொழும்புக்கும் கட்டாருக்கும் துபாய்க்கும் போனார்கள். காலை பஸ்ஸில் வந்து கவுண்டரில் கொட்டுகிற ஆள் குறைந்தபோதே கடைக்காரர் புதுச் சாமான் எடுப்பதைக் குறைத்துவிட்டார். கேட்ட சாமான் இல்லை என்று இரண்டு தடவை திரும்பிப் போனவர் மூன்றாம் தடவை வர மாட்டார். இன்டர்நெட் வந்து சேர்ந்தபோது கடை ஏற்கெனவே பாதி காலி.

அதற்காக இன்டர்நெட்டுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய பங்கு இருக்கிறது, ஆனால் அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். சீனாவிலிருந்து பத்து ரூபாய்ச் சாமான் இலவசத் தபாலில் எப்படி வந்தது என்று அப்போது நாங்கள் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். அதில் மாயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற பொதியை வீடுவரை கொண்டுபோய்க் கொடுக்கும் செலவுக்காக அனுப்புகிற நாடு பெறுகிற நாட்டுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். இந்த முறையை உலக அஞ்சல் ஒன்றியம் 1969 டோக்கியோ மாநாட்டில் கொண்டுவந்தது. அந்தத் தொகை வளர்ந்துவரும் நாடுகளுக்குக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது, சீனாவும் அந்தச் சலுகையில் இருந்தது. சின்னப் பொதிகளுக்கு இது மிக மலிவான பாதையாகிப் போனது. அமெரிக்காவே இதைத் தாங்க முடியாமல் சண்டை பிடித்து, 2019இல் ஜெனீவாவில் கூடிய சிறப்பு மாநாட்டில் விதியை மாற்ற வைத்தது. ஆகவே ஹட்டன் கடைக்காரர் மோதியது ஆன்லைன் கடையோடு மட்டும் இல்லை, உலகத் தபால் கட்டண விதியோடும்தான். கொழும்பு போய்ப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாமான் எடுத்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விற்கிற மனிதரால் அந்த விலைக்கு நிற்க முடியுமா?

அப்புறம் வந்தது உள்ளூர் ஆன்லைன் வியாபாரம், கையில் கிடைத்ததும் காசு கொடுக்கிற முறை. இது நம் பக்கத்தில் ஒரு விசித்திரமான வழியில் நடந்தது, வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பல தோட்டங்களில் லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது மாறி, வரும்போது வரும். கூரியர்க்காரர் அந்த மலையேறி டிவிஷன் டிவிஷனாகத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், டவுனுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் பண்ணுவார். அதனால் இளம் பிள்ளைகள் ஆன்லைனில் ஆர்டர் போடும்போது டவுனில் தெரிந்த கடை முகவரியைக் கொடுத்தார்கள், என் மேசை முகவரியையும் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் இதே டவுனில் வாங்கியிருக்கக்கூடிய சென்சர், மோட்டார், ரிலே போர்டு எல்லாம் பொதியாக வந்து, நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்து, சனிக்கிழமை அவர்கள் வந்து எடுத்துப் போனார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவானது. சாமான் ஆன்லைனில் வந்தாலும் அதை எடுக்க ஒரு கடை வாசல் தேவைப்படுகிறது. பொதியைப் பிரித்ததும் பத்துக்கு நாலு பேர் அங்கேயே நின்று, “அண்ணே, இதை எப்படிக் கனெக்ட் பண்ணுவது?” என்று கேட்கிறார்கள்.

வெளிநாட்டில் நடந்ததும் இதையேதான் காட்டுகிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் சாமான் விற்ற ரேடியோஷாக் 1921இல் தொடங்கிய கம்பெனி, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான கிளைகள். சாமான் பெட்டிகளைக் கடையின் பின்மூலைக்குத் தள்ளிவிட்டு மொபைல் போன் விற்பதில் இறங்கினார்கள், அந்த வியாபாரம் கையைவிட்டுப் போனதும் 2015 பெப்ரவரியில் திவாலானார்கள். இங்கிலாந்தில் அதேமாதிரிக் கடைகள் வைத்திருந்த மேப்லின் 2018இல் விழுந்தது. இவர்களை எல்லாம் இன்டர்நெட் கொன்றது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படியானால் எலெக்ட்ரானிக் சாமான் சந்தையான சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்றும் கால்வைக்க இடமில்லையே, அங்கே என்ன இன்டர்நெட் இல்லையா? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கூட்டம் குறையவில்லை. இந்த இரண்டு இடத்திலும் ரிப்பேர்காரர்கள் அன்றன்றைய வேலைக்குச் சாமான் தேடி வருகிறார்கள், மொத்த வியாபாரிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், ஒரு கடையில் இல்லாதது அடுத்த கடையில் கிடைக்கும். மேசையில் டிவியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறவனுக்கு மூன்று நாள் கழித்து வருகிற கூரியரால் பிரயோசனம் இல்லை. இது என் தீர்ப்பு, யாரும் மறுக்கலாம், ஆனால் ரிப்பேர் தொழில் அடர்த்தியாக இருக்கிற இடத்தில் சாமான் கடை சாவதை நான் பார்த்ததில்லை.

கடை மூடியதால் போனது சாமான் மட்டும் என்று நினைக்காதீர்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்றவரின் கண்ணும் சேர்ந்து போனது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2என்3055 என்று ஒரு பவர் டிரான்சிஸ்டர், இரும்புத் தொப்பி போட்டது, பவர் சப்ளையிலும் பழைய ஆம்பிளிஃபயரிலும் வரும், 15 ஆம்பியர், 115 வாட் தாங்க வேண்டியது. சந்தையில் இதில் போலி நிறைய. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, எழுத்துகூட அழகாக இருக்கும். நல்லதிலும் போலியிலும் ஒவ்வொன்று எடுத்துத் தொப்பியை அரத்தால் ராவித் திறந்தால் கதை தெரியும். நல்லதில் சிலிக்கன் துண்டு கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற சதுரமாக, தடித்த தாமிரத்தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், போலியில் கடுகளவு துண்டை ஒரு மூலையில் ஒட்டியிருப்பார்கள். சுமை ஏறினால் ஒரு நிமிஷம் தாங்காது. என்னை வேலைக்கு வைத்திருந்த முதலாளி புதுச் சரக்கு வந்தால் ஒன்றை இப்படி உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவார், போலி என்றால் முழுப் பெட்டியையும் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவார். ஆன்லைனில் அதே சாமான் விலை குறைவாக, ஐந்து நட்சத்திரத்தோடு இருக்கும், நட்சத்திரம் போட்டவர்கள் எத்தனை பேர் அதைச் சுமையேற்றிப் பார்த்தார்கள்? அதேமாதிரி எல்ஏ4440 என்கிற ஆம்பிளிஃபயர் ஐசி. நம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கட்டுகிற ஆம்பிளிஃபயர் பெரும்பாலும் அந்த ஐசியில்தான். அதைச் செய்த ஜப்பான் கம்பெனி சான்யோவின் அரைக்கடத்திப் பிரிவு 2011இல் வேறு கம்பெனி கைக்குப் போய்விட்டது, இன்று அந்தப் பெயரில் ஓடுகிற சரக்கில் தரம் கலந்து கட்டி வருகிறது. ஒரு பையன் ஆசையாகக் கட்டி, வேலை செய்யாமல் போனால், தப்பு தன்னிடமா சாமானிலா என்று அவனுக்குத் தெரியாது. தன்னிடம்தான் என்று நினைத்து விட்டுவிடுவான். அப்படி விட்டுப்போன பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மனசு வலிக்கிறது. பக்கத்தில் ஒருவர் இருந்து, ‘ஐசிதான் கெட்டது, இந்தா இதைப் போட்டுப் பார்’ என்று சொல்லியிருந்தால் அவர்களில் சிலராவது இன்று இந்தத் தொழிலில் இருந்திருப்பார்கள்.

2022இல் நடந்ததையும் இங்கே சேர்க்க வேண்டும். மார்ச் மாதம் வரை ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டு ஆர்டர் என்பது கனவாகிப்போனது, இறக்குமதிக் கட்டுப்பாடு 2020இலிருந்தே இருந்தது, அந்த மார்ச் கடைசியில் கரண்ட் ஒருநாளைக்கு 13 மணி நேரம் வரை நின்றது. அப்போது என் மேசைக்கு வந்த கூட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. எரிந்த எல்இடி பல்பைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்தார்கள், பழைய லேப்டாப் பற்றரியைப் பிரித்து உள்ளே உயிரோடிருக்கிற செல்லைத் தேடி எடுத்து விளக்குக் கட்டினோம், மோட்டார்சைக்கிள் பற்றரியில் வீட்டுக்கு வெளிச்சம் போட்டோம். சரிசெய்கிற ஆள் ஊரில் வேண்டும் என்பது எல்லோருக்கும் அப்போது தெரிந்தது. நிலைமை சீரானதும் அந்தக் கூட்டம் குறைந்தது, ஆனால் பழைய அளவுக்குக் குறையவில்லை. விலைவாசி அப்படி. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350. புதுசு வாங்குவதைவிடச் சரிசெய்வது பல வீடுகளுக்கு இன்னும் கட்டாயம்தான்.

சரி, கடைக்கு வருவோம். ஆசைக்குச் செய்கிறவர்களுக்கென்று மட்டும் ஒரு கடை போட்டால் ஹட்டனில் வாடகை கட்ட முடியாது, இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். முன்னால் ரிப்பேர் மேசை, பின்னால் சாமான் பெட்டி என்று போட்டால் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு ரிப்பேர் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டுச் சேருங்கள், சம்பளத்துக்கு வைப்பதைவிட அது நல்லது. வேலை எங்கே இருக்கிறது என்றால்: டிஷ் சம்பந்தப்பட்டது, சார்ஜர், அடாப்டர், எல்இடி பல்ப், சின்ன சோலார் விளக்கு, ரைஸ் குக்கர், ஸ்பீக்கர் செட், கையடக்கத் தொலைபேசி சார்ஜ் ஏறும் வாய். ஏப்ரல் மாதமும், ஒக்டோபர், நவம்பரும் இடி மின்னல் காலம். அந்த நாட்களில் ஒரு பின்னேர இடிக்கு ஒரு லயத்து வரிசையே அடாப்டரும் டிஷ் தலையும் எரிந்து வரும், அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே சாமான் எடுத்து வைத்திருக்க வேண்டும். மேசைக்குச் சூடான காற்று மெஷின் கட்டாயம், வோல்ட், ஓம் அளக்கிற நல்ல மீற்றர் இரண்டு, தரமான ஈயக்கம்பி, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆசைக்குச் செய்கிறவர்களுக்கான பெட்டிகளை யாருக்காக வைப்பது? இங்கேதான் பழைய காலத்தைவிட இப்போது ஒரு விஷயம் நன்றாயிருக்கிறது. பள்ளிக்கூட உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது, 2015இல் முதல் பரீட்சை. பொறியியல் தொழினுட்பவியல் எடுக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் இருக்கிறார்கள், அவர்கள் செயற்றிட்டம் செய்ய வேண்டும், கண்காட்சிக்கு வைக்க வேண்டும். புரோகிராம் எழுதி ஓட்டுகிற ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போர்டுகள், தூரம் அளக்கிற சென்சர், ரிலே, ஈயம் வைக்காமல் சாமானைச் செருகிப் பார்க்கிற பிரெட்போர்ட், அதற்கான வயர், சின்ன மோட்டார், ஒன்பது வோல்ட் கிளிப், இவ்வளவுதான் நூற்றுக்கு எண்பது பேர் கேட்பது. 73 பெட்டி ரெசிஸ்டர் அவர்களுக்குத் தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு மதிப்புப் போதும். ஆன்லைனைவிட உங்களிடம் விலை கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்று வியர்வையோடு வந்து நிற்கிற பிள்ளைக்குக் கூரியர் உதவாது, அதைவிட முக்கியம், எது எங்கே போகும் என்று தமிழில் சொல்லித்தருகிற ஆள் வேண்டும். சொல்லிக்கொடுப்பதற்குத் தனியாகக் காசு கேட்காதீர்கள், அதைச் சாமான் விலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பிள்ளைகளின் அம்மா அப்பா என்ன நாட்சம்பளத்தில் இதை வாங்கித் தருகிறார்கள் என்பது மனதில் இருக்கட்டும். இந்தப் பெட்டிகள் உங்களிடம் இருப்பதைப் பள்ளிக்கூட ஆசிரியர்களிடம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். விளம்பரத்துக்குச் செலவழிக்கிற காசைவிட அது பலன் தரும். கூரியர்ப் பொதிகளை வாங்கி வைக்கிற வேலையையும் தயங்காமல் எடுங்கள், உங்களிடம் வாங்காதவரையும் அதுதான் உங்கள் வாசலுக்குக் கொண்டுவருகிறது. இந்த ஏற்பாடு ஹட்டனுக்குச் சரிவரும் என்று நம்பிச் சொல்கிறேன். இதே கடை பொகவந்தலாவை அளவு சின்ன டவுனில் நிற்குமா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியாது, அங்கே பள்ளிக்கூடமும் சனக்கூட்டமும் அந்த அளவுக்கு இல்லை.

கடைசியாக, நாவலப்பிட்டிப் பெரியவரின் பழைய சாமான். கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், வேண்டாம் என்றும் விடாதீர்கள். நம் மலைநாட்டு ஈரத்தில் வருஷக்கணக்காகக் கிடந்த சாமானுக்கு முதல் எதிரி துரு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றை எடுத்து அதன் கம்பிக் காலைப் பாருங்கள், கறுத்திருந்தால் ஈயம் பிடிக்காது, சுரண்டித்தான் போட வேண்டும், அப்படிச் சுரண்டிச் சுரண்டி வியாபாரம் பண்ண முடியாது. எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பழையது உள்ளே காய்ந்திருக்கும், அல்லது வோல்டை மெதுவாக ஏற்றிப் பழக்க வேண்டும், விற்பனைக்கு ஆகாது. ஃபில்ம் கண்டென்சர், கார்பன் ஃபில்ம் ரெசிஸ்டர், டயோட், பாக்கெட் பிரிக்காத ஐசி, இவை தாங்கும். பழைய சான்யோ எல்ஏ4440 இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது: ஏசி128 மாதிரியானவற்றைக் கிற்றார் ஓசையை மாற்றுகிற எஃபெக்ட் பெட்டி செய்கிறவர்கள் உலகம் முழுக்கத் தேடுகிறார்கள், ஹட்டனில் விலைபோகாத அந்தச் சாமானை இன்டர்நெட்டில் போட்டு விற்கலாம். ஆனால் ஜெர்மானியத்திலேயே ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரை உள்ளதை நம்பி வாங்க வேண்டாம், உள்ளே தகரத்தில் முடிபோல முளைத்து ஷார்ட் ஆகிற நோய் அந்த வகைக்கு உண்டு, பயன்படுத்தாமல் பெட்டியில் இருந்தாலும் வரும். மீடியம்வேவ் ரேடியோவுக்கான காயில், ஸ்டேஷன் பிடிக்கத் திருப்புகிற கேங் கண்டென்சர் இருந்தால் எடுங்கள், இவை இப்போது புதிதாகக் கிடைப்பது கஷ்டம்.

விலையை ஒவ்வொரு சாமானாக எண்ணிப் பேசாதீர்கள். அவருக்கும் மனக்கஷ்டம், உங்களுக்கும் கணக்குச் சரிவராது. நல்லது எது என்று பார்த்து வைத்துக்கொண்டு மொத்தமாக ஒரு தொகை சொல்லுங்கள். அந்தப் பெட்டிகளில் எது எங்கே இருக்கிறது, எதற்குப் பதில் எதைப் போடலாம் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது, பெட்டி மட்டும் வந்தால் பாதிதான் வந்தது. உடம்புக்கு முடிந்தால் முதல் ஒன்றிரண்டு மாதம் வாரத்தில் சில நாள் கடைக்கு வந்து இருக்கச் சொல்லுங்கள், நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டன் வந்துபோவது அவ்வளவு கஷ்டமில்லை. அவருக்கு நாட்சம்பளமும் பயணச்செலவும் கொடுங்கள், அதையும் விலை பேசும்போதே சேர்த்துப் பேசி முடித்துவிடுங்கள்.